நாற்பது கடிதங்களும் இரண்டு உதவிகளும்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வலிகாமத்தில் உள்ள உங்கள் சனசமூக நிலையமும் அதோடு சேர்ந்த விளையாட்டுக் கழகமும் வருகிற ஆவணியில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்தவிருக்கின்றன. வாசிகசாலையின் சிறுவர் பகுதியையும் புதுப்பிக்க வேண்டும். சென்ற ஆண்டு இரண்டுக்குமாகச் சேர்த்து நாற்பது இடங்களுக்கு அனுசரணை கேட்டுக் கடிதம் கொடுத்தீர்கள். உதவியவர்கள் இரண்டு பேர். எங்கே பிழை, இம்முறை யாரிடம் போவது, எப்படிக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கேட்கிற பக்கத்திலும் இருந்திருக்கிறேன், கொடுக்கிற பக்கத்திலும் இருக்கிறேன். பதினான்கு ஆண்டுகள் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொருளாளராக இருந்தேன். இப்போது யாழ்ப்பாண நகரில் ஒரு கட்டடப் பொருள் வியாபார நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். முதலாளிக்கு வருகிற உதவிக் கடிதங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். வாரத்துக்கு நான்கைந்து, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரே நாளில் அத்தனை வரும். ஒரு மேசை லாச்சி நிறைய அவை கிடக்கின்றன. அந்த லாச்சியைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே கடிதம். கழகம் தொடங்கிய ஆண்டு, போசகர்களின் பெயர்கள், போர்க்காலத்தில் பட்ட துன்பம், இளைஞர்களை நல்வழிப்படுத்தும் நோக்கம், கடைசியில் 'தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்'. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த 'இயன்ற உதவி'தான் உங்களைக் கவிழ்க்கிறது. முதலாளிக்கு நீங்கள் ஆயிரம் ரூபா கேட்கிறீர்களா, இலட்சம் கேட்கிறீர்களா என்று தெரியாது. தெரியாதபோது மனிதர் செய்வது இரண்டில் ஒன்று: கையில் இருக்கிற சிறு தொகையைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார், அல்லது 'யோசித்துச் சொல்கிறேன்' என்று கடிதத்தை என்னிடம் தருவார். அது லாச்சிக்குப் போகும்.

அனுசரணை என்ற சொல்தான் நமக்குப் புதிது. செயல் நம் கோவில்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நம் ஊர்க் கோவில்கள் பலவற்றில் திருவிழா எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து நாளோ பன்னிரண்டு நாளோ, ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாளின் செலவை ஏற்கும் ஓர் உபயகாரர் இருப்பார். கொடியேற்றம் ஒரு குடும்பத்துக்கு, வேட்டைத் திருவிழா இன்னொரு குடும்பத்துக்கு, தேர் வேறொரு பகுதியாருக்கு. உபயகாரர் ரொறொன்ரோவில் இருந்தாலும் தன் நாளை மறக்கமாட்டார். விடுப்பெடுத்து வருவார், வர முடியாவிட்டால் பணம் வந்துவிடும். 'கோவிலுக்கு இயன்றதைத் தாருங்கள்' என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. 'ஐந்தாம் திருவிழா உங்களுடையது' என்கிறார்கள். பூசைக்கு, மாலைக்கு, மேளத்துக்கு, அன்னதானத்துக்கு என்று செலவு முன்கூட்டியே தெரியும். அந்த நாளில் அவர் குடும்பம் முன்னால் நிற்கும். பூசை முடிந்ததும் கோவில் மரியாதையாகத் தரும் பிரசாதமான காளாஞ்சி அவர் கையில் கொடுக்கப்படும். அனுசரணை பற்றி யார் வந்து பயிற்சிப் பட்டறை நடத்தினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம்.

ஆகவே உங்கள் முதல் வேலை, செலவை உபயங்களாகப் பிரிப்பது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். சுற்றுப்போட்டிக்கு மொத்தம் 500,000 ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிண்ணங்களும் பரிசுத் தொகையும் 180,000. சீருடை 90,000. பந்தலும் ஒலிபெருக்கியும் 70,000. நடுவர்களின் கொடுப்பனவு 60,000. தண்ணீரும் சிற்றுண்டியும் 60,000. அச்சு வேலையும் முதலுதவியும் 40,000. இப்போது உங்கள் கையில் ஆறு தனித்தனி உபயங்கள் இருக்கின்றன. மருந்தகம் ஒன்றிடம் போய் 'சுற்றுப்போட்டிக்கு உதவுங்கள்' என்று கேட்பதும், 'மைதானத்தின் முதலுதவி மேசை முழுவதையும் நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா?' என்று கேட்பதும் ஒன்றல்ல. இரண்டாவது கேள்விக்கு மனிதர் மனத்தில் ஒரு படம் விழுகிறது. தன் கடைப் பெயர் அச்சிட்ட மேசை, அதைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள்.

உபய முறையின் கெட்ட பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். உபயம் நாளடைவில் உரிமையாகிவிடும். திருவிழா உரிமைக்காக நீதிமன்றப் படி ஏறிய கோவில்கள் நம் குடாநாட்டில் உண்டு. சிலரை வெளியே நிறுத்துவதற்கும் அந்த உரிமை பயன்பட்டிருக்கிறது. கழகத்தில் அது நடக்கக்கூடாது. எந்த அனுசரணையாக இருந்தாலும் 'இந்த ஆண்டுக்கு' அல்லது 'மூன்று ஆண்டுகளுக்கு' என்று கடிதத்திலேயே எழுதுங்கள். கால எல்லை முடியும்போது முதலில் அவரிடமே மறுபடியும் கேளுங்கள். அவர் மறுத்தால் மனத்தாங்கல் இல்லாமல் வேறொருவரிடம் போகலாம்.

சென்ற ஆண்டுக் கடிதத்தின் படியை அனுப்பியிருந்தீர்கள். அதில் நான் கண்ட பெரிய பிழை, சுற்றுப்போட்டியையும் சிறுவர் நூலகத்தையும் ஒரே கடிதத்தில் கேட்டிருப்பது. இரண்டும் வேறு வேறு மனிதர்களின் வேறு வேறு பைகளிலிருந்து வரவேண்டியவை. பந்தாட்டத்துக்குக் கூட்டம் வரும், பதாகை கட்டலாம், வியாபாரிக்கு அது விளம்பரம். நூலகத்தில் கூட்டம் இல்லை, ஆனால் மனத்தைத் தொடும். பிள்ளைகளுக்காகவும் இறந்தவர் நினைவாகவும் கொடுப்பவர்கள் அங்கே வருவார்கள். வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகளையே வைத்திருக்கின்றன. சந்தைப்படுத்தல் பிரிவிடம் நூலகம் கேட்டால் கூட்டம் எங்கே என்பார்கள். சமூகப் பொறுப்புப் பிரிவிடம் கிண்ணம் கேட்டால் யாருக்கு நன்மை என்பார்கள்.

இனிக் கடைகள். யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கடைகளைத்தான் எல்லாரும் முற்றுகையிடுகிறார்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கடிதம் போகும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மைதானத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைகளில் தொடங்குங்கள். உங்கள் ஊரவர் உரம் வாங்குகிற கடை, மோட்டார் சைக்கிள் திருத்துகிற இடம், பிள்ளைகள் படிக்கிற தனியார் கல்வி நிலையம், கலியாணத்துக்குப் பந்தல் போடுகிறவர், சுன்னாகம் சந்தையில் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர்களுடைய வாடிக்கையாளர்தான் உங்கள் பார்வையாளர். நிலையத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துவைத்து, யார் எந்தக் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கிறார் என்று ஒரு மாலை முழுவதும் இருந்து எழுதுங்கள். அந்த உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருபது ஆண்டுகளாகத் தன்னிடம் சாமான் வாங்குகிற மனிதர் கழகத்தோடு வந்து நிற்கும்போது கடைக்காரர் எழுந்து கதிரை போடுவார்.

போகிற நேரமும் முக்கியம். கடை திறந்து முதல் வியாபாரம் நடக்கும் முன் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை கையிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விளக்கு வைத்த பிறகும் அப்படித்தான். நமக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்பது வேறு; கொடுப்பவரின் மனம் நோகாமல் கேட்கவேண்டும். நான் பார்த்த வரையில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணியளவில் கடை சற்று ஓய்ந்திருக்கும். முதலாளியும் நிதானமாக இருப்பார். இருவர் போனால் போதும். எட்டுப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதை வேண்டுகோள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

பணமாகத்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். ஒரு பொருளின் கொள்விலை 800 ரூபா, விற்பனை விலை 1,000 ரூபா என்றால், அதைக் கொடுக்கிற முதலாளிக்குச் செலவு 800. வாங்கவேண்டியிருந்த உங்களுக்கு மிச்சம் 1,000. எங்கள் முதலாளி பணப்பெட்டியைத் திறக்கத் தயங்குவார். ஆனால் நூலகச் சுவருக்குப் பூச்சு வாளி இரண்டு கேட்டால் உடனே ஏற்றிவிடச் சொல்வார். அச்சகத்திடம் துண்டுப்பிரசுரத்தைக் கேளுங்கள், வெதுப்பகத்திடம் பணிஸைக் கேளுங்கள், தச்சு வேலை செய்பவரிடம் புத்தக அலுமாரி செய்யும் கூலியைக் கேளுங்கள். அந்தப் பொருள்களின் பெறுமதியையும் கணக்கில் எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அரிசி மூட்டை கொடுத்தவருக்கு நன்றி சொல்லிப் பற்றுச்சீட்டுக் கொடுக்காமல் விடுவது நம்மிடையே பெரிய பழக்கக்கேடு.

பற்றுச்சீட்டைப் பற்றி ஒரு கணக்காளனாக இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு கடை தன் வருமானத்துக்காகச் செய்கிற விளம்பரச் செலவை வியாபாரச் செலவாகக் கணக்கில் காட்டலாம். வெறும் அன்பளிப்பு அப்படி அல்ல. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற அறநிலையத்துக்குக் கொடுத்தால்தான், அதுவும் ஓர் எல்லைக்குள், வரிக் கழிவு கிடைக்கும். உங்கள் சனசமூக நிலையத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்க வாய்ப்பில்லை. எனவே கடை உண்மையிலேயே விளம்பரம் பெறுகிறது என்றால், 'இறுதிப்போட்டியில் இரண்டு பதாகைகளும் ஒலிபெருக்கி அறிவிப்பும்' என்று பற்றுச்சீட்டில் விவரமாக எழுதுங்கள். பதாகை கட்டியிருக்கும் புகைப்படத்தையும் அதோடு இணைத்துக் கொடுங்கள். என் மேசைக்கு வரும்போது 'நன்கொடை' என்று ஒரே சொல்லில் எழுதிய சீட்டை நான் என்ன செய்வேன்? விளம்பரம் செய்யாமல் செய்ததாக எழுதித் தராதீர்கள், கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

கூட்டம் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். 'ஆயிரக்கணக்கில் வருவார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை யாரும் நம்புவதில்லை. எல்லாக் கடிதத்திலும் ஆயிரக்கணக்கில்தான் வருகிறார்கள். எண்ணுங்கள். ஒவ்வொரு போட்டி நாளிலும் இரண்டு பிள்ளைகளை வாசலில் இருத்தி, கொப்பியில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் தனியாக எண்ணுங்கள். 'அரையிறுதிக்கு 412 பேர், இறுதிப்போட்டிக்கு 730 பேர், கொப்பி எங்களிடம் இருக்கிறது' என்று ஒரு கழகம் எழுதினால், அந்தக் கடிதத்தை நான் லாச்சியில் போடாமல் நேரே முதலாளியிடம் கொண்டுபோவேன். எண்ணிக்கை சிறிதாக இருப்பதில் வெட்கமில்லை.

வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் வேறு உலகம். கிளை முகாமையாளர் நல்லவராக இருக்கலாம், உங்கள் ஊரவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் தன் கையால் கொடுக்கக்கூடியது சிறு தொகைதான். அதற்கு மேல் என்றால் பிராந்திய அலுவலகம், பிறகு கொழும்புத் தலைமையகம். கொழும்பில் வாசிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள். காலத்தையும் கணக்கிடுங்கள். வங்கிகளின் நிதியாண்டு பொதுவாகத் தை முதல் மார்கழி வரை. மற்ற நிறுவனங்கள் பலவற்றுக்குச் சித்திரையிலிருந்து பங்குனி வரை. ஆவணிச் சுற்றுப்போட்டிக்கு ஆடியில் வங்கிக்குப் போனால், அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணம் ஏற்கனவே வேறிடங்களுக்குப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், மைதானத்தில் தண்ணீர் நிற்கும்போது, அடுத்த ஆண்டுக்குரிய கடிதத்தை எழுதவேண்டும்.

2010 முதல் யாழ்ப்பாணச் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி என்று ஒன்று நடந்துவருகிறது. பெரும்பாலும் தை மாதத்தில், அண்மைக் காலத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் முற்றவெளியில் நடக்கிறது. நாம் எல்லாரும் அங்கே விலைக்கழிவுக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிறோம். கொழும்பு நிறுவனங்களின் சந்தைப்படுத்தல் அதிகாரிகள் மூன்று நாளும் வடக்கு மக்களைச் சந்திக்கவென்றே அங்கே வந்து நிற்கிறார்கள். முதல் நாள் காலையில், கூட்டம் சேரும் முன், கழகத்திலிருந்து இருவர் நல்ல உடுப்போடு போய் ஒவ்வொரு கூடத்திலும் பேசுங்கள். அன்றைக்குப் பணம் கேட்கவேண்டாம். பெயர் அட்டை வாங்கி, எந்தப் பிரிவுக்கு எந்த மாதத்தில் எழுதவேண்டும் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் நிலையத்துக்குக் கிடைத்த பெரிய அனுசரணை ஒன்று அப்படி ஒரு பெயர் அட்டையிலிருந்துதான் வந்தது. கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது.

நினைவுக் கிண்ணங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும். நம் ஊர் விளையாட்டுக்கும் கல்விக்கும் அதிகம் கொடுத்தவர்கள், தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காகக் கொடுத்தவர்களே. 'அமரர் இன்னார் ஞாபகார்த்தக் கிண்ணம்' என்று அறிவிக்காத மைதானம் குடாநாட்டில் உண்டா? வருகிற பணத்தோடு பெரிய பொறுப்பும் வருகிறது. அந்தியேட்டிக் கிரியை முடியும் முன் எந்த வீட்டிலும் பேச்செடுக்காதீர்கள். முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்கிற நினைவு மலரை வெளியிட்டு, வந்தவர்கள் போனபின், வீடு வெறிச்சோடியிருக்கும் காலத்தில், இறந்தவரை உண்மையாகவே அறிந்த ஒருவர் போய் இருந்து பேசவேண்டும். அவர் பந்து விளையாடியவரா, வாசிகசாலையில் தினமும் பத்திரிகை வாசித்தவரா, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரா என்று பாருங்கள். பத்திரிகை வாசித்தவருக்குக் கிண்ணம் எதற்கு? அவர் பெயரில் நூலகத்துக்கு ஓர் ஆண்டுப் பத்திரிகைச் செலவைக் கேளுங்கள். அந்த வீட்டார் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

இதில் நாங்கள் செய்த ஒரு பிழையை மறைக்கக்கூடாது. ஒரு குடும்பம் தங்கள் தந்தையின் நினைவாகக் கிண்ணம் தந்தது. பதாகையில் அவருடைய பெயரின் முதலெழுத்தை மாற்றி அச்சிட்டுவிட்டோம். காலையில் கவனித்தோம், நேரமில்லை என்று அப்படியே கட்டிவிட்டோம். மகள் வெளிநாட்டிலிருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு தொலைபேசியில் அழைத்தார். குறை சொல்லவில்லை, பேசவே முடியாமல் அழுதார். அடுத்த ஆண்டு கிண்ணம் வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் பெயரை எழுதி, குடும்பத்தில் ஒருவரிடம் காட்டி, சரி என்று எழுத்தில் வாங்குங்கள். ஒலிபெருக்கியில் வாசிப்பவரிடமும் பெயரை எழுதியே கொடுங்கள்.

நினைவுக் கிண்ணத்தோடு கடைப் பெயரை ஒட்டாதீர்கள். ஒருவரின் தாயின் பெயருக்குக் கீழே சீமெந்து விளம்பரம் வருவது இருவருக்கும் அவமரியாதை. கடைக்கு வேறு உபயம் கொடுங்கள். அதேபோல் ஒரே தொழில் செய்கிற இரண்டு கடைகளை முன்னறிவிப்பு இல்லாமல் சேர்க்காதீர்கள். ஒரு நகைக்கடையின் பதாகைக்குப் பக்கத்தில் இன்னொன்றின் பதாகையைக் கட்டினால் இரண்டையும் இழப்பீர்கள்.

நிரந்தர வைப்பிலிட்டு அதன் வட்டியில் ஆண்டுதோறும் பரிசு கொடுக்கும் முறையும் நம் பாடசாலைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் ஒரு காலத்தில் பெரிதாகத் தெரிந்த பத்தாயிரம் ரூபா வைப்பின் வட்டி இன்றைக்கு ஒரு புத்தகத்துக்குக்கூடப் போதாது. 2022இல் ரூபாவின் பெறுமதி சில மாதங்களில் விழுந்ததை எல்லாரும் அனுபவித்தோம். டொலர் 200 ரூபாவளவில் இருந்து 350ஐத் தாண்டிப் போனது. வைப்பு வாங்குவதானால், வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்கும் நிபந்தனையை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லண்டன், ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று நம் ஊர் ஒன்றியங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்ததை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் ஒரே பத்துப் பேரிடம்தான் பள்ளிக்கூடமும் கோவிலும் கழகமும் முன்பள்ளியும் கேட்கின்றன. அந்தப் பத்துப் பேர் இரண்டு வேலை செய்து அனுப்புகிறார்கள். எதற்கும் முதலில் வட்ஸ்அப்பில் அவர்களுக்குச் செய்தி போடுகிற பழக்கத்தை விடவேண்டும். ஊருக்குள் பாதியையாவது சேர்த்துவிட்டு, 'இவ்வளவு சேர்ந்தது, இன்னும் இவ்வளவு குறைகிறது' என்று அவர்களிடம் போங்கள். பிரித்தானியாவில் அறக்கட்டளையாகப் பதிவுசெய்த ஒன்றியமாக இருந்தால் அதன் ஊடாகக் கொடுப்பது நல்லது. அங்கே வருமான வரி செலுத்துகிற ஒருவர் ஒரு பவுண் கொடுத்து உரிய படிவத்தில் ஒப்பமிட்டால், அந்த அறக்கட்டளை அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் பெறமுடியும். அதற்காக அவர்கள் உங்களிடம் கணக்கும் பற்றுச்சீட்டும் கேட்பார்கள். 'எங்களை நம்பவில்லையா?' என்று கோபிக்காதீர்கள். அவர்கள் அங்கே சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள்.

பெரிய ஒருவர் வருவார் என்று காத்திருப்பதும் ஒரு நோய். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கியவர். அதை நடத்த வீடு வீடாகப் பிடியரிசி, அதாவது ஒவ்வொரு கைப்பிடி அரிசி, சேர்த்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்த புத்தகங்களிலிருந்து வளர்ந்தது. பிறகு கட்டடம் எழுப்பக் களியாட்ட விழா நடத்திப் பணம் சேர்த்தார்கள். 1959இல் அது திறக்கப்பட்டது. 1981இல் எரிந்தபோது குடாநாடு முழுவதும் தன் வீடு எரிந்ததுபோல் அழுததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஊரின் காசு அந்தச் சுவர்களில் இருந்தது. உங்கள் சிறுவர் பகுதிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புத்தகத்தின் விலையைக் கேளுங்கள். பிறகு எந்த நிறுவனத்திடம் போனாலும் 'எங்கள் ஊரில் இத்தனை வீடுகள் ஏற்கனவே கொடுத்திருக்கின்றன' என்று சொல்லலாம்.

ஒரு வியாபாரி தன் மனத்துக்குப் பிடித்த காரியத்துக்கு எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் க. கனகராசாவை நினைக்கலாம். பனை வளர்ப்பை ஊக்குவித்தார், 'மில்க்வைற் செய்தி' என்று இதழே வெளியிட்டார். அவரிடம் போய் யாரும் பனையைப் பற்றி விளக்கியிருக்கத் தேவையில்லை; அது அவர் உள்ளத்தில் இருந்தது. உங்கள் பகுதி முதலாளிமாருக்கும் அப்படி ஒன்று இருக்கும். ஒருவர் இளமையில் வலைகாப்பாளராக நின்றிருப்பார், இன்னொருவரின் மகள் வாசிகசாலையில் படித்துப் பல்கலைக்கழகம் போயிருப்பாள். கடிதம் எழுதும் முன் அதை விசாரியுங்கள்.

பதிவு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சனசமூக நிலையம் உங்கள் பிரதேச சபையிலும், விளையாட்டுக் கழகம் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகவும் பதிவில் இருக்கவேண்டும். பரந்த சமூக சேவை என்று போனால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டமும் வரும். பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு நிலையத்தின் பெயரில், இருவர் ஒப்பத்தோடு இருக்கவேண்டும். உங்கள் சென்ற ஆண்டுக் கடிதத்தில் பொருளாளரின் சொந்தக் கணக்கு இலக்கம் இருக்கிறது. அவர் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே வங்கியும் நிறுவனமும் கடிதத்தை மூடிவிடும்.

யாரிடம் வாங்கக்கூடாது என்பதையும் நிர்வாக சபைக் கூட்டத்தில் முன்னமே தீர்மானித்துக் குறிப்பில் எழுதுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், விளையாட்டு, கல்வி, கலாசார நிகழ்வுகளுக்கு அனுசரணை என்ற பெயரில் புகையிலை, மதுபான வணிகப் பெயர்களைக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. அங்கே பேச்சுக்கே இடமில்லை. சட்டம் தடுக்காத ஒன்றையும் நான் சேர்ப்பேன்: வீடு வீடாக வந்து பெண்களுக்கு நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்கள். அந்தக் கடனால் நம் பெண்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், அந்தப் பெயரைப் பிள்ளைகளின் சீருடையில் அச்சிடக்கூடாது. தேர்தல் நெருங்கும் மாதங்களில் அரசியல்வாதிகளின் சொந்தப் பணத்தையும் தவிருங்கள். அவர்கள் தருவது ஒரு பந்துக்குத்தான் போதும், கேட்பது மேடை முழுவதையும்.

இவ்வளவும் பணம் வருவதற்கு முந்திய வேலை. இரண்டாம் ஆண்டும் பணம் வருவது பிந்திய வேலையில்தான் இருக்கிறது. என் லாச்சியில் உள்ள கடிதங்கள் எல்லாம் கேட்டு வந்தவை. கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று சொல்ல வந்தவை, இத்தனை ஆண்டுகளில், என் கைவிரல்களுக்குள் அடங்கும். ஒரு முறை தென்மராட்சிப் பக்கத்து முன்பள்ளி ஒன்றின் ஆசிரியை வந்தார். முதலாளி கொடுத்திருந்த கூரைத்தகடு பதினெட்டு. அவற்றில் பதினாறு போட்டு இரண்டு மிஞ்சிவிட்டது என்று மிஞ்சிய இரண்டையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கூரையின் படத்தையும் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த முன்பள்ளிக்கு முதலாளி அதன்பின் செய்தவற்றை நான் கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

ஆகவே போட்டி முடிந்து இரண்டு வாரத்துக்குள் இரண்டு தாளில் ஓர் அறிக்கை செய்யுங்கள். ஒரு தாளில் வரவும் செலவும், மிச்சமோ துண்டுவிழுந்ததோ உள்ளபடி. மற்றத் தாளில் அந்த அனுசரணையாளரின் உபயம் மைதானத்தில் எப்படி இருந்தது என்று இரண்டு படங்களும் வந்தவர்களின் எண்ணிக்கையும். தபாலில் அனுப்பாமல் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கோவிலில் காளாஞ்சி கொடுக்கும்போது அடுத்த ஆண்டு உபயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீங்களும் அன்றைக்கு அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம், நன்றாக விளையாடிய ஒருவன் அல்லது நூலகத்தில் அதிகம் வாசித்த ஒருத்தி. பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது புதிதாக நாற்பது கடிதம் எழுதுவதல்ல. சென்ற ஆண்டு உதவிய அந்த இருவரிடமும் இந்த வாரமே போங்கள். ஓர் ஆண்டு பிந்திவிட்டது. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அறிக்கையைக் கொடுங்கள். ஒருவர் சீருடை கொடுத்தார், மற்றவர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை போத்தல் என்று எழுதவில்லை. முதலில் அதை விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள்.